விடியலில் சுடும் மலை

"எடுங்கய்யா, எடுங்க!" என்று தொலைபேசிக்குள் கத்தியபடியே, இன்னொரு கையால் வானிலை மைய இயக்குநரின் பேனாவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தாள் முன்னறிவிப்பாளர். பேனாவின் மறுமுனை இயக்குநரின் விரல்களில் இருந்தது. மூன்று மணிக்கு வானொலியில் பள்ளத்தாக்கின் இலையுதிர்கால வானிலை அறிக்கை. மணி இரண்டு ஐம்பத்தொன்று.

"விடும்மா. கையெழுத்துப் போடணும்."

"போடாதீங்க சார். இன்னைக்கு ராத்திரி உறைபனி விழும். மத்த மூணு நிலையத்துலயும் சரசரன்னு வெப்பம் இறங்குது."

"அவங்க கருவியெல்லாம் பழசு."

அறிக்கையோ தேன் சொட்டியது. 'இதமான பகல், மிதமான இரவு, உறைபனிக்கு வாய்ப்பே இல்லை.' எழுதியவர் சாட்சாத் இயக்குநர். மேகத்துக்கே உத்தரவு போடுகிற தோரணை அவருக்கு. ஜன்னலைத் திறந்து பார்க்கிற கெட்ட பழக்கம் மட்டும் கிடையாது.

அவர் நம்பியது மலை உச்சி நிலையத்தை. இருபது நாளாக அங்கே ஓர் அதிசயம். காலை ஆறு மணிக்குப் பத்தொன்பது டிகிரி, மதியம் பதினான்கு. ஊருலகத்தில் வெயில் ஏற ஏறச் சூடு ஏறும். இந்த மலைக்கு மட்டும் சேவல் கூவும்போதே காய்ச்சல். வேறு யாராவது என்றால் கருவியைச் சந்தேகப்பட்டிருப்பார்கள். இயக்குநர் நாற்பது பக்கக் கட்டுரை எழுதிவிட்டார். அடுத்த வாரம் மாநாட்டில் வாசிப்பு. கோட்டுகூடத் தைத்தாகிவிட்டது.

மேஜைமேல் அவள் கைபேசி அதிர்ந்தது. தொலைபேசியைத் தோளில் இடுக்கிக்கொண்டு எடுத்தாள். அக்கா. பள்ளத்தாக்கின் அடியில் அவளுக்கு இரண்டு ஏக்கர் குடைமிளகாய். ஒரு ராத்திரி உறைபனி போதும், அத்தனையும் கூழ்.

"ஏண்டி, பறிக்கவா வேண்டாமா? பத்து நாள் விட்டா நல்லாச் சிவக்கும். பறிக்க வந்தவங்க வரப்புல உட்கார்ந்து என் மூஞ்சியையே பார்க்கறாங்க."

"அஞ்சு நிமிஷம்க்கா. லைன்லயே இரு."

"உங்க ஆபீஸ்ல அஞ்சு நிமிஷம்னா எத்தனை நாள்?"

அதற்குள் தொலைபேசியில் கரகரப்பு. உச்சியில் தனியாக இருந்து அளவு குறித்து அனுப்பும் ஊழியர், ஒருவழியாக எடுத்துவிட்டார். அவள் ஒலிபெருக்கிப் பொத்தானைத் தட்டினாள்.

"காலையில அங்க குளிரா அண்ணே?"

"பத்தொன்பது டிகிரிம்மா."

"நம்பர் கேட்கல. நீங்க மூஞ்சி கழுவுனீங்களா?"

"கழுவாம? வாளியில தண்ணி கல்லாட்டம் இறுகிக் கிடந்துச்சு. கோடாலிக் காம்பால உடைச்சுல்ல கழுவுனேன்!"

இயக்குநரின் விரல்கள் தளர்ந்தன. பேனா அவள் கைக்கு வந்தது. தேன் சொட்டிய வரியைக் குறுக்கே அடித்து, 'இன்றிரவு கடும் உறைபனி, விளைந்ததை உடனே பறிக்கவும்' என்று எழுதி நீட்டினாள். அவர் எங்கேயோ பார்த்தபடி கையெழுத்துப் போட்டார். மணி இரண்டு ஐம்பத்தெட்டு. தாள் தொலைநகலில் வானொலி நிலையத்துக்குப் பறந்தது.

"அக்கா, பறி! ஒண்ணு விடாம பறி!"

"இதைச் சொல்ல இவ்வளவு நேரமா?" என்று அக்கா வைத்துவிட்டாள்.

இயக்குநர் தொலைபேசியருகே குனிந்தார். கைகள் நாற்பது பக்கக் கட்டுரையை மேஜை இழுப்பறைக்குள் தள்ளிக்கொண்டிருந்தன.

"அப்ப அந்தப் பத்தொன்பது டிகிரி எப்படிய்யா வந்துச்சு?"

மறுமுனையில் சங்கடமான ஓர் இருமல்.

"விடியக்காலையில வெளிய போய்ப் பார்க்க முடியல சார், அவ்வளவு குளிர். அதான் இருபது நாளா தெர்மாமீட்டரைச் சமையல்கட்டுல, அடுப்புக்கு மேல மாட்டி வச்சிருக்கேன்."