முப்பத்து நான்கு பின்கள்

“பெட்டியே டம்மி” என்று மூன்று நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். மெக்கானிக் தொழிலில் முதலில் படிக்க வேண்டியது இது. வண்டி ஓடாவிட்டால் குற்றத்தை உடனே ஏதாவது ஒரு உதிரிபாகத்தின் தலையில் கட்டிவிட வேண்டும்.

பெட்டி என்றால் என்ஜின் கம்ப்யூட்டர். எவ்வளவு பெட்ரோல் போக வேண்டும், பிளக் எப்போது நெருப்புத் தட்ட வேண்டும் என்று முடிவு செய்வது அதுதான். வேப்பனப்பள்ளி மாந்தோப்புக்காரர் வீட்டு மாதேஸ்வரன், நாலு சக்கரமும் சேர்ந்து இழுக்கும் பழைய ஜப்பான் கார் ஒன்றை வாங்கியிருந்தான். கம்பெனிப் பெட்டியைக் கழற்றிவிட்டு, ரேஸ்காரர்கள் வைக்கும் பெட்டியை மாட்டச் சொல்லி என் ஷெட்டில் விட்டான். சிப்காட் வேலையை உதறிவிட்டு நான் திறந்த ஷெட் அது. இந்த வண்டி ஓடினால் ஓசூரில் எனக்குப் பேர். ஓடாவிட்டால் பழைய சூப்பர்வைசர் முன்னால் போய்க் கைகட்டி நிற்க வேண்டியதுதான்.

ஓடவில்லை. சாவியைத் திருப்பினால் ஃபியூஸ் போனது. மாற்றினேன், மறுபடி போனது. பொறுமை இழந்த மாதேஸ்வரன் பெங்களூர் ஒர்க்‌ஷாப் ஒன்றில் பேசி, வண்டியை ஏற்றிப்போக லாரிக்கும் சொல்லிவிட்டான். ஒரு மணிக்கு வரும்.

பத்து மணிக்கு என் மனைவி முனிலட்சுமி டிபன் கொண்டுவந்தாள். வண்டிகளுக்கு ஒயர்க் கட்டு செய்யும் ஹார்னஸ் கம்பெனியில் எட்டு வருடமாக லைனில் நிற்பவள். அன்று அவளுக்கு மதிய ஷிப்ட். தூக்கை வைத்துவிட்டுப் பெட்டியோடு வந்த ஒயரிங் படத்தைப் பார்த்தாள். பிறகு பெட்டியில் மாட்டுவதற்காக நான் ஒயர் சொருகியிருந்த கப்ளரைப் பார்த்தாள்.

“ஏங்க, இந்தப் படத்துக்கு கப்ளர எந்தப் பக்கம் திருப்பி வெச்சி எண்ணினீங்க?”

“முன்பக்கந்தான். மூஞ்சியப் பாக்காம முதுகையா பாப்பாங்க?”

“முதுகத்தான் பாக்கணும். ஒயர் உள்ள போற பக்கம். ஓரத்துல எழுதியே இருக்குது பாருங்க. முப்பத்தி நாலு ஒயரையும் எடம் வலம் மாத்திச் சொருகி வெச்சிருக்கீங்க.”

ஓரத்தில் எழுதியிருப்பதையெல்லாம் படிக்கிறவனாக இருந்தால் நான் ஏன் பத்தாவதில் இரண்டு தடவை உட்கார்ந்தேன்? “பெட்டியே டம்மி” என்றேன், பழக்கத்தில்.

அவள் தலைப்பில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி நிமிர்த்தி, ஒயர் முனையிலிருந்த பின்களை ஒவ்வொன்றாக நெம்பி இடம் மாற்ற ஆரம்பித்தாள். நான் படத்தைப் பார்த்து நிறம் சொன்னேன். தப்பாகச் சொன்னபோதெல்லாம் முழங்கையால் இடித்தாள்.

பன்னிரண்டே முக்காலுக்கே லாரி வந்துவிட்டது. டிரைவர் இறங்கி, “லேட் ஆய்த்து” என்று கன்னடத்தில் விரட்டினான். பின்னாலேயே மாதேஸ்வரன். கார் ஸ்டாண்டுகளின்மேல் தரை தொடாமல் நின்றது. சாமியை வேண்டிக்கொண்டு சாவியைத் திருப்பினேன்.

ஃபியூஸ் போகவில்லை. என்ஜின் ஒருமுறை இருமிவிட்டுப் பிடித்துக்கொண்டது. கியர் போட்டதும் நாலு சக்கரமும் ஒன்றாகச் சுற்றின. எனக்கு அழுகையே வந்துவிட்டது. கியரை எடுத்துவிட்டு இறங்கினேன்.

மாதேஸ்வரன் என்னைக் கட்டிக்கொண்டான். பிறகு போனை என் காதில் வைத்தான். “ணா, பெட்டி வித்தவரு லைன்ல இருக்காரு. நீங்க சொன்னீங்கன்னு காலைல இருந்து அவர கிழிகிழின்னு கிழிச்சிட்டேன். என்னா கோளாறுன்னு நீங்களே சொல்லுங்க.”

பொய் ஒன்று நாக்கு நுனிவரை வந்தது. முனிலட்சுமி விரலை வாயருகே வைத்து ஊதிக்கொண்டிருந்தாள்; நகக்கண்ணில் ரத்தம். வெட்கமாக இருந்தது.

“பெட்டி நல்லாத்தான் இருக்குது சார். நான்தான் கப்ளர திருப்பிப் பாத்துட்டேன். என் சம்சாரம் சரி பண்ணிட்டாங்க.” போனை அவசரமாக மாதேஸ்வரன் கையில் திணித்தேன்.

முனிலட்சுமி பக்கத்தில் வந்தாள். “கல்யாணமாயி ஒம்பது வருசம். ஒருக்கா கூட ‘தப்பு என்னுது’ன்னு எங்கிட்ட சொன்னதில்ல. யாரோ முகம் தெரியாத மனுசன்கிட்ட சொல்றீங்க.”

என்ஜின் நன்றாக உறுமிக்கொண்டிருந்தது. அந்தத் தைரியத்தில் அவள் முகத்தைப் பார்த்து, “தப்பு என்னுதுதான்” என்றேன்.

அவள் ஜன்னல் வழியே கையை விட்டு என்ஜினை அணைத்தாள். மாதேஸ்வரனும் லாரி டிரைவரும் எங்களையே பார்த்தார்கள்.

“இப்பச் சொல்லுங்க” என்றாள்.