சாயங்கால மருந்து

எழுந்தான். போர்வையை மடித்தான். பல் துலக்கினான். பாலைக் காய்ச்சி ஒரு காபி கலந்தான். இரண்டு பேருக்கான பாத்திரம், பால் அடியில் கிடந்தது. குடித்துவிட்டு டம்ளரைக் கழுவிக் கவிழ்த்தான். சட்டையை முன்பக்கம் மட்டும் தேய்த்தான். காலர் மனைவியின் கைக்குத்தான் படியும். கதவைப் பூட்டி, இழுத்துப் பார்த்துவிட்டுப் போனான்.

அச்சகத்தில் அவன் வேலை லேபிள் பார்ப்பது. ஜாம், ஷாம்பு, மது எதுவானாலும் மாதிரித்தாளைப் பூதக்கண்ணாடியில் பார்த்து அவன் கையெழுத்துப் போட்டால்தான் மெஷின் ஓடும். இன்று வந்தது சிவப்பு ஒயின். திராட்சைக்கொடி படம் பழையதுதான். அடியில் ஒரு வரி புதிது: ‘மது அருந்துவது புற்றுநோய் அபாயத்தை அதிகரிக்கும்.’

மெஷின்காரர் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தார். “என்ன தம்பி, எறும்பு படிக்கறதுக்கா போட்டிருக்கான்? இதப் படிச்சு முடிக்கறதுக்குள்ள பாட்டிலே காலியாயிடும்.”

அவன் சிரிக்கவில்லை. அவன் வீட்டில் நடந்தது அவருக்கு அப்புறம்தான் உறைத்தது. “என் வாய் சும்மாவே இருக்காதுப்பா,” என்று முனகிக்கொண்டே நகர்ந்தார்.

அதே திராட்சைக்கொடி ஒட்டிய பாட்டில் ஒன்று வீட்டு அலமாரியில் பாதியாக நிற்கிறது. கல்யாணமான புதிதில் யாரோ சொன்னார்கள், தினம் ஒரு சின்ன கிளாஸ் இதயத்துக்கு நல்லது என்று. அவள் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். வேலை முடிந்து வந்ததும் ஜன்னலோரம் இரண்டு நாற்காலி போட்டு, “மருந்து நேரமாச்சு, பேஷண்ட்டு எங்க?” என்பாள். அவள் அப்பா குடித்தே வீட்டை உலுக்கியவர். குடி என்றால் அவளுக்கு அதுதான். தங்களுடையது மருந்து.

மார்பில் கட்டி என்று போனபோது டாக்டரம்மா கேட்டார், “குடிக்கற பழக்கம் உண்டா?”

“ஐயோ, அதெல்லாம் கிடையாது டாக்டர்.” அவள் பொய் சொல்லவில்லை. அவனும் தலையாட்டினான்.

“வேற மருந்து ஏதாவது எடுத்துக்கறீங்களா?”

அவள் அவனைத் திரும்பிப் பார்த்தாள். இருவருக்கும் சிரிப்பு தொண்டைவரை வந்துவிட்டது. டாக்டரம்மாவுக்கு ஒன்றும் புரியவில்லை.

அவள் இறந்துபோன பிறகு அவன் தனியாகப் போய் எல்லாவற்றையும் சொல்லிக் கேட்டான். டாக்டரம்மா மறைக்கவில்லை. “கொஞ்சமா குடிச்சாலும் மார்புல புத்துநோய் வர்ற வாய்ப்பு கொஞ்சம் கூடத்தான் செய்யும். அளவு ஏற ஏற அதுவும் ஏறும். ஆனா தொட்டே பாக்காதவங்களுக்கும் வருது. இவங்களுக்கு இதனாலதான் வந்துச்சுன்னும் சொல்ல முடியாது, இல்லைன்னும் சொல்ல முடியாதுங்க.”

ஏதாவது ஒன்றைச் சொல்லியிருந்தால் தேவலை. இல்லை என்றால் அந்த ஜன்னலோரத்தை நிம்மதியாக நினைத்துக்கொண்டிருக்கலாம். ஆமாம் என்றால் அதை வெறுத்துவிடலாம். நாளிலேயே நல்ல நேரம் அதுதான். அதைப் போய் எப்படிக் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது?

லேபிளில் எழுத்து சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டான்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பாட்டிலைத் திறந்தான். வாசனை வந்ததும் பக்கத்தில் அவள் வந்து நின்ற மாதிரி இருந்தது. பிறகு தொட்டியில் கவிழ்த்துத் தண்ணீர் விட்டான். ஜன்னலோரம் இரண்டு நாற்காலியையும் இழுத்துப் போட்டு, ஒன்றில் உட்கார்ந்தான்.

கடைசியாக என்ன சொன்னாள் என்று மாமியார் கேட்டபோது, உங்களைத்தான் கேட்டாள் என்று சொல்லி வைத்திருந்தான். அந்த அம்மாவுக்கு அது போதும். நடந்தது வேறு. நர்ஸ் உள்ளங்கையில் மாத்திரையோடு நின்றாள். அவள் நர்ஸைப் பார்க்கவில்லை, அவனைப் பார்த்தாள். எந்த மருந்தைச் சொல்கிறாள் என்று அவனும் கேட்டுக்கொள்ளவில்லை.

“மருந்து வேணாம். சும்மா பக்கத்துல உக்காரு.”