இரட்டைப் பின்னல்

ரசாயன ஆலைப் புகையில் தம்பி மூச்சுத் திணறிச் செத்தபோது, நியாயம் கேட்கப் போன அக்காவை, "சின்னப் பொண்ணு, போய்ப் படிம்மா" என்று சிரித்தே விரட்டினார் முதலாளி. அந்தச் சிரிப்பை அவள் மறக்கவில்லை.

சில வருடம் கழித்து, ஆலையை விரிவாக்க மக்கள் கருத்துக் கேட்புக் கூட்டம் வந்தது. கல்லூரியில் சேர்ந்துவிட்டவள், பழைய பள்ளிச் சீருடையை மாட்டிக்கொண்டு அம்மாவிடம் இரட்டைப் பின்னல் போடச் சொன்னாள்.

"எதுக்குடி இந்த வேஷம்?" என்றாள் அம்மா.

"நான் சின்னப் பொண்ணுதானேம்மா."

மேடையில் மெல்லிய குரலில், "உங்க பிள்ளைங்கள மட்டும் ஏன் அங்கிள் வேற ஊர்ல வளர்க்கறீங்க?" என்று கேட்டாள்.

முதலாளிக்கு ரத்தம் தலைக்கேறியது. "வாய மூடு, கழுதை!" என்று கையை ஓங்கிவிட்டார். கேமராக்கள் திரும்பின. அதுவரை அவர் பக்கம் இருந்த கூட்டமே, "குழந்தையையா அடிக்கப் போற?" என்று கொதித்தெழுந்தது.

வீடியோ பரவி ஊரே திரண்டதில், அந்த வாரமே அதிகாரிகள் ஆலைக்குச் சீல் வைத்தார்கள்.

"போதும்டி, விட்டுடு" என்றாள் அம்மா.

"அவருக்கு இன்னொரு ஆலை இருக்கும்மா" என்றாள் மகள்.