முட்டிச் சில்லு

மனிதனை விலங்கிலிருந்து பிரிப்பது அறிவுமல்ல, ஆன்மாவுமல்ல. நிமிர்ந்து நிற்கும் முதுகெலும்பே. உடற்கூறியல் பேராசிரியர் ஒவ்வோர் ஆண்டும் முதல் வகுப்பை இந்த வாக்கியத்தோடுதான் தொடங்குவார். ஓய்வு பெறுவதற்குள் அவரே நாலு விரற்கடை குட்டையாகிவிட்டார். கோட்டுக்கு அடியில் இறுக்கிக் கட்டிய பட்டை கூனை மறைத்தது.

மாணவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'செங்குத்து'. வாய்மொழித் தேர்வில் அவருடைய முதல் கேள்வி மாறியதே இல்லை. முழங்கால் முட்டிச் சில்லு ஒன்றைக் கையில் திணித்து, "இடதா, வலதா?" என்பார். கூர்முனை நமக்கு எதிர்ப்பக்கம் நீண்டிருக்கும்படி மேசைமேல் வைத்தால் சில்லு எந்தக் காலுடையதோ அந்தப் பக்கமாகச் சாயும், அவ்வளவுதான் வித்தை. தப்பாகச் சொன்னவர்களை, "போய்க் கோழிக்கால் கடி, போ" என்று அனுப்பிவிடுவார்.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு காலை, முகம் மழித்துக்கொண்டிருந்தவர் தும்மினார். முதுகில் ஏதோ நொறுங்கியது. சோப்பு நுரையோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"என்னங்க, இது எலும்புப்புரைதான். உங்க புஸ்தகத்துலயே ஒரு அத்தியாயம் எழுதியிருக்கீங்க. ஸ்கேன் எடுத்து மாத்திரை சாப்பிட்டா என்ன?" என்றாள் மனைவி.

"ஸ்கேன் எடுக்கறவன் என் மாணவன்டி."

"அப்ப நல்லாப் பார்ப்பான்."

"நல்லாப் பார்த்துட்டு ஊர் பூரா சொல்வான். எலும்பு வாத்தியாருக்கே எலும்பு உளுத்துப்போச்சுன்னு சிரிப்பாங்க."

"சிரிச்சுட்டுப் போறாங்க. ஒடிஞ்சா தூக்கறவ நான்தானே?"

"தூக்கு."

தூக்கினாள். அவளுக்கு அதைவிடப் பெரிய கவலை ஒன்று இருந்தது. பிரிவுபசார விழாவிலேயே அவர், இறந்த பிறகும் தன் எலும்புக்கூடு கல்லூரிக் கண்ணாடிப் பேழையில் நிமிர்ந்து நிற்கும் என்று அறிவித்துக் கைதட்டல் வாங்கியிருந்தார்.

"புதைச்சா, உட்கார்ந்து அழ எனக்கு ஒரு இடமாவது மிஞ்சும்" என்றாள்.

"பேழைக்கு முன்னால நாற்காலி போடச் சொல்றேன். ஃபேன் இருக்கு. காத்தோட்டமா அழு."

அடுத்த மழைக்காலத்தில் குளியலறையில் வழுக்கி விழுந்தார். தொடையெலும்பின் கழுத்து முறிந்தது. கத்தி வைப்பவரும் பழைய மாணவர்தான் என்பதால் அறுவை சிகிச்சை வேண்டாமென்றுவிட்டார். படுக்கைப்புண் வந்தது. நுரையீரலில் சளி கட்டியது. இதெல்லாம் வரும் என்று அதே அத்தியாயத்தில் வரிசை பிசகாமல் எழுதியிருந்தார். அந்த வரிசையிலேயே செத்தும் போனார். மனைவி அவர் அறிவித்தபடியே உடலைக் கல்லூரிக்குக் கொடுத்தாள்.

பேழைத் திறப்பு விழா. புதிய துறைத்தலைவர் செங்குத்தின் செல்ல மாணவர், தங்கப் பதக்கம் வாங்கியவர். திரையை விலக்கிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "ஐயா கடைசிவரை வளையவில்லை. இதோ, இப்போதும் வளையவில்லை!"

கூட்டம் கலைந்ததும் அவள் பேழையருகே போனாள். இளவயதில் சைக்கிளிலிருந்து விழுந்து ஒடிந்த இடது காறையெலும்பு கூடியபோது அவருக்கு அங்கே ஒரு முடிச்சு விழுந்திருந்தது. எத்தனையோ இரவுகள் அவள் கன்னத்தில் உறுத்திய முடிச்சு. பேழைக்குள் இருந்த காறையெலும்பு வழவழவென்றிருந்தது.

"இது யாரு?" என்று கூடத்துப் பொறுப்பாளரைக் கேட்டாள்.

அவர் வாசலை ஒருமுறை பார்த்துக்கொண்டார். "வெளியில சொல்லிடாதீங்கம்மா. சுத்தம் பண்ணத் தண்ணியில போட்டோம், ஊறின ரொட்டி மாதிரி உதிர்ந்துபோச்சு. விழாவுக்குத் தேதி வேற குறிச்சாச்சு. பழைய பிளாஸ்டிக் எலும்புக்கூட்டுக்கே சாயம் பூசி நிறுத்திட்டோம்."

"அவரு எங்கே?"

"முட்டியில இருக்காரும்மா. சில்லு ரெண்டும் தேறிச்சு. தலைவரே தன் கையால மாட்டினாரு."

"மிச்சம்?"

"கழிவு வண்டியில போயிடுச்சு."

நாற்காலி போட்டிருந்தார்கள். அவள் அதை முட்டிகளுக்கு நேரே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். பொறுப்பாளர் ஃபேனைப் போட்டுவிட்டு வெளியே போனார்.

வலது சில்லு இடது காலில் மாட்டப்பட்டிருந்தது.