குலத்துக் கட்டம்

ரங்கூனில் டாக்ஸி ஓட்டும் தமிழ்மணி, பசுந்தாங் சந்தையில் கிடைத்த சிவப்புக் கட்டத் துணியைக் கைலியாகத் தைத்துக் கட்டிக்கொண்டு டீக்கடைக்கு வந்தான். அங்கே உட்கார்ந்திருந்த ஸ்காட்லாந்துச் சுற்றுலாத் துரைக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

“இது எங்க குலத்து டார்ட்டன் கட்டம். எங்க ரத்தம் இருக்கிறவன்தான் உடுத்தணும், அதுதான் முறை. அவிழ்!” என்று இங்கிலீஷில் கத்தியபடி கைலியைப் பிடித்து இழுத்தான்.

கடையே சிரித்தது. நாலு பேர் நடுவில் ஆம்பளை இடுப்பில் கை வைப்பது எந்த ஊர் முறை? தமிழ்மணி ஒரு கையால் முடிச்சைப் பிடித்துக்கொண்டு, மறு கையால் விட்டான் ஒரு குத்து. துரை மேஜையோடு சாய்ந்தான். தலைமயிரைப் பற்றித் தூக்கி இன்னொன்று கொடுத்தான். உடைந்த மூக்கிலிருந்து ரத்தம் கைலியில் கொட்டியது.

தமிழ்மணி முடிச்சை இறுக்கினான்.

“உங்க ரத்தம்தானே இருக்கணும், துரை? இப்போ இருக்கு. இனி நான் கட்டலாமில்ல?”