பென்சில் நம்பர்

சீட்டில் நேரம் பதினொன்று நாற்பத்திரண்டு. அதற்குக் கீழே நாற்பத்தோராயிரம் ரூபாய் என்று இருந்தது. பதுளை வங்கி வாசலில் இருந்த இயந்திரத்துக்குள் யசோதினி போட்டது நாற்பத்தாறாயிரம். தோட்டத்து மரண உதவிச் சங்கத்துப் பணம். நாற்பத்தாறு குடும்பம், வீட்டுக்கு ஒரு ஆயிரம் ரூபாய்த் தாள். அவள்தான் பொருளாளர்.

அப்போதே உள்ளே போய்ச் சொன்னாள். கவுண்டரில் இருந்த ரிஸ்கா முறைப்பாட்டை எழுதிக்கொண்டாள். ஒரு வாரம் கழித்துப் போனபோது, பெட்டியில் இருந்த பணமும் கணக்கும் ஒத்துப்போகிறது, இயந்திரம் பிழை விடாது என்றார்கள்.

சங்கத் தலைவர் சிவஞானம் சத்தம் போடவில்லை. ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குள் ஐயாயிரத்தை வைத்துவிடு, இல்லாவிட்டால் கணக்குக் கொப்பியைக் கொடுத்துவிட்டு விலகிவிடு என்றார். எப்படியாவது புரட்டிக் கட்டிவிடலாம். கட்டினால், எடுத்தது நான்தான் என்று அவளே கையெழுத்து வைத்த மாதிரி.

வெள்ளிக்கிழமை மறுபடியும், வேலைக்குப் பேர் போடும் காலைப் பெரட்டுக்குப் போகாமல் பஸ்ஸுக்கு நின்றாள். கொழுந்துக் கூடையோடு போன பாக்கியலெட்சுமி கேட்டாள்:

"என்னடி, ஒனக்கு இப்ப பேங்குலதான் பெரட்டா? அங்க பேர் போடுறாங்களா?"

"போட வச்சிட்டுத்தான் வருவேன், அக்கா."

வங்கியில், இயந்திரத்தின் வயிற்றைத் திறந்து பார்க்கச் சொன்னாள். அதற்குத் தனி ஆள் வரவேண்டும், பழுது என்றால்தான் வருவார் என்றாள் ரிஸ்கா. யசோதினி வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தாள். பகல் சாப்பாட்டுக்கும் எழும்பவில்லை. மதியம் ஒரு மணி ஆவதற்குள் பதினொரு பேர் பணம் போட்டார்கள். ஏழு பேருக்கு இயந்திரம் தாளைத் திருப்பித் துப்பியது. ஒருவர் அதை உதைத்தார். அவள் எழுந்துபோய் இதை அப்படியே மேலாளர் மபாஸிடம் சொன்னாள். அவர் கண்ணாடி வழியாக வாசலைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு ஃபோனை எடுத்தார்.

பழுது பார்ப்பவர் பண்டாரவளையில் இருந்து மூன்று மணிக்கு வந்தார். திறப்பதற்கு முன்னால் யசோதினி மபாஸிடம் ஒன்று சொன்னாள். உள்ளே தாள் இருந்தால் பணம் கொடுத்த வீட்டின் லயத்துக் காம்பரா நம்பர் வலது மூலையில் பென்சிலில் இருக்கும். போன வருஷம் வசூலில் ஒரு கள்ள நோட்டு வந்தது. யாரும் தன்னுடையது என்று ஒத்துக்கொள்ளவில்லை. அதிலிருந்து வாங்கும்போதே யார் வீட்டுத் தாள் என்று எழுதிவிடுவாள்.

உருளைகளுக்கு இடையில் இருந்து ஐந்து தாள்கள் கசங்கி வந்தன. நாலு, ஒன்பது, பதினேழு, பதினெட்டு, முப்பத்தொன்று. அவள் வீடு வீடாக வசூலை எழுதிய கொப்பியை விரித்து வைத்தாள்.

மபாஸ் ஒவ்வொரு தாளையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கொப்பியைப் பார்த்தார். பிறகு மெதுவாகச் சொன்னார், ரூபாய்த் தாளில் எழுதுவது குற்றம், இப்படிப்பட்ட தாளை வங்கி ஏற்றுக்கொள்ள வேண்டும் என்றில்லை, இதை யார் எழுதியது என்று தன் அறிக்கையில் போடவேண்டி வரும் என்று.

யசோதினி கொப்பியை மூடவில்லை.

"எழுதினது என் கைதான், சார். அத தப்புன்னு எழுதுறப்ப, இது எங்க சங்கத்துச் சல்லின்னும் சேத்து எழுதுவீங்களா?"