அடித்தகட்டுக்குக் கீழே ஒரு பெயர்

எங்கள் ஊர்த் துப்பாக்கிச் சங்கத் தலைவர் ஷ்டால்டர் தன் தாத்தாவைப் பற்றிப் பேசினால், சுவிட்சர்லாந்தின் எல்லையை அந்த ஒரு மனிதர்தான் காத்தார் என்று தோன்றும். எதிரி வரவே இல்லை என்பதும் தாத்தாவின் சாதனைகளில் சேரும். ராணுவம் தாத்தாவுக்கு 1898இல் கொடுத்த துப்பாக்கியால்தான் ஷ்டால்டர் முப்பது வருடமாகப் போட்டியின் முதல் குண்டைச் சுடுகிறார். குடும்பத் துப்பாக்கி வைத்திருப்பவருக்கே அந்த உரிமை என்பது சங்க விதி.

வியாழக்கிழமை அதை என் துப்பாக்கிப் பட்டறைக்குக் கொண்டுவந்தார். மரக்கட்டையின் முனையில், தோளில் பதியும் அடித்தகட்டில் துரு. கழற்றாமலே துடைக்க வேண்டுமாம். தாத்தா முடுக்கிய திருகாம். மரம் மக்கிவிடும் என்றதும், ஊசி போட்டுக்கொள்பவரைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டு சம்மதித்தார்.

தகட்டுக்குக் கீழே மடித்த காகிதம். சிப்பாய்கள் பெயரெழுதிச் செருகுவது இங்கே வழக்கம்தான். ஆனால் எழுதியிருந்த பெயர் ஷ்டால்டர் இல்லை, கிறிஸ்டன் மோசர்.

போட்டி முடிந்து மதுவிடுதிச் சுவரில் துப்பாக்கியை மாட்டிவிட்டுக் குடிக்கப் போகிறவர்கள், திரும்பும்போது அதில் பொறித்த எண்ணைப் பார்த்தா எடுப்பார்கள்? ஷ்டால்டரின் தாத்தாவும் இந்த மோசரும் துப்பாக்கியை மாற்றி எடுத்துப் போயிருக்கிறார்கள்.

யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று ஷ்டால்டர் கெஞ்சிவிட்டுப் போனார். ஆனால் சனிக்கிழமை காலை அவரே என்னை இழுத்துக்கொண்டு மோசரின் பேத்தி ரோஸ்மரியின் கதவைத் தட்டினார். அவள் தொழுவத்திலிருந்து எடுத்துவந்த தன் தாத்தாவின் துப்பாக்கியில் அடித்தகட்டைக் கழற்றினேன்; அதிலும் ஒரு காகிதம். ‘ஆல்ஃபிரட் ஷ்டால்டர், சமையல் உதவியாள்.’

“சமையக்கட்டுக்கும் எல்லை உண்டுதானே, தலைவரே,” என்றாள் ரோஸ்மரி.

அவர் தன் துப்பாக்கியை மேசைமேல் வைத்தார். “உங்களுது. எடுத்துக்கோங்க.” தோல்வாரைப் பிடித்த கை மட்டும் விடவில்லை.

அவள் எண்ணெய் மின்னும் அந்தக் கட்டையைத் தடவிப் பார்த்தாள்.

“எங்க தாத்தாவுக்கு இத்தனை வருஷமா எண்ணெய் போட்டு வச்சிருக்கீங்க. நான் உங்க தாத்தாவைக் கன்னுக்குட்டிங்களோட தொங்கவிட்டேன். யாரு யாருகிட்ட மன்னிப்புக் கேக்கணும்? நீங்களே வச்சுக்கோங்க. நாளைக்குப் போட்டியில முதல் குண்டு மட்டும் எனக்கு.”

முதல் குண்டை விட்டுக்கொடுப்பது அவருக்குச் சுலபமில்லை. காப்பி ஆறும்வரை யோசித்துத்தான் தலையாட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை ரோஸ்மரி, ஷ்டால்டர் எண்ணெய் போட்டு வைத்த துப்பாக்கியோடு பாயில் படுத்துக் குறிபார்த்தாள். எழுதிவைத்திருந்த தலைமை உரையைப் பையிலேயே விட்டுவிட்டு, ஊரே பார்க்க ஷ்டால்டர் அவள் பக்கத்தில் மண்டியிட்டார்.

“இது கொஞ்சம் இடப்பக்கம் இழுக்கும்மா. அதட்டாதே, விசையை மெதுவா அமுக்கு. கேக்கும்.”

கேட்டது.